சிறிய, சோர்ந்த அலைக்கு எந்தப் பலகை? அறுகம்பையில் புதிதாக அலைச்சறுக்குப் பழகுவோருக்கு

அறுகம்பையின் பெயர் வெளிநாடுகளில் அடிபடுவது அதன் முனையில் நீண்டு ஓடும் வலப்பக்க அலையால். புதிதாகப் பழகுபவருக்கு அந்த அலை உரியதல்ல. அவருக்குக் கிடைப்பது குடாவின் உள்பக்கத்தில், பேபி பொயின்ட் என்று சொல்லும் இடத்தில், முழங்காலளவிலோ இடுப்பளவிலோ வந்து நுரைத்துச் சரியும் அலை. பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பொயின்ட்டிலும், தெற்கே பீனட் ஃபார்மின் உள்பக்கத்திலும் சிறிய நாட்களில் இதே கதைதான். சித்திரை, வைகாசியில் பருவம் தொடங்கும்போதும், புரட்டாதி கழிந்து ஐப்பசியில் அது அடங்கும்போதும் இப்படியான நாட்களே அதிகம். ஆகவே முதற் பலகையை இந்தச் சோர்ந்த அலையை மனதில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். மெல்லிய, கூர்மூக்குப் பலகையோடு முனையில் பறக்கிறவரைப் பார்த்து அதே மாதிரி ஒன்றை வாங்கினால், முதல் வருடம் முழுவதும் பலகையில் படுத்திருந்தே போய்விடும்.

அலை ஏன் சோர்கிறது, அதற்கும் பலகைக்கும் என்ன தொடர்பு

அலை தன் உயரத்தைவிடச் சற்றுக் கூடிய ஆழத்துக்கு வந்ததும் உடைகிறது. அடித்தரை சட்டென்று உயர்ந்தால் அலை செங்குத்தாக எழுந்து சுருண்டு விழும். மணற்தரை மெல்ல மெல்ல உயர்ந்தால் உச்சி மட்டும் நுரைத்து, முகம் சரிவாகவே இருந்து வழியும். கடற்காற்று கரையை நோக்கி அடித்தாலும் இதே விளைவுதான். காலையில் காற்று தரைப்பக்கமிருந்து மெல்ல வரும், அல்லது இல்லாமலே இருக்கும். அப்போது அலையின் முகம் ஒழுங்காக நிற்கும். வெயில் ஏறிக் காற்று திரும்பியதும் அதே அலை குழம்பிப் போகும்.

இடுப்பளவு அலை உடையும் இடத்தில் ஆழம் ஒரு மீற்றர் வரும், அல்லது அதற்கும் கொஞ்சம் குறைவு. அவ்வளவு ஆழத்தில் அலை ஓடும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 முதல் 13 கிலோமீற்றர். ஆளுயர அலை என்றால் 15ஐத் தாண்டும். பலகைக்குத் தேவை எல்லாம் இந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது. வேகமான அலையில் சிறிய பலகையும் நீரின் மேல் எழும்பி வழுக்கும். மெதுவான அலையில் எழும்ப வேண்டுமானால் அடிப்பக்கம் அகலமாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். சரிவு குறைந்த அலை ஆளைத் தானாக இழுத்துக்கொண்டு போகாது. கையால் துடுப்புப் போட்டுத்தான் அதன் வேகத்துக்குக் கிட்ட வர வேண்டும். அதற்குப் பலகை நன்றாக மிதக்க வேண்டும். மிதப்பு வேறு, தட்டையான பரப்பு வேறு. தடித்த ஆனால் ஒடுங்கிய பலகை மிதக்கும், வழுக்காது. அகலமான ஆனால் மெல்லிய பலகை எழும்பிவிட்டால் வழுக்கும், ஆனால் அலையைப் பிடிக்கும் வரை உங்களைக் களைக்க வைத்துவிடும். இரண்டும் சேர்ந்திருக்கிற பலகையைத் தேடுங்கள்.

முதலில் லீற்றர் கணக்கு

பலகையின் கொள்ளளவை லீற்றரில் சொல்வார்கள். புதிய பலகைகள் பலவற்றில் நீளம், அகலம், தடிப்பு, லீற்றர் நான்கும் அடிப்பக்கத்தில் நடுச்சலாகைக்கு (பலகையின் நடுவே நீளவாக்கில் ஓடும் மெல்லிய மரப்பட்டை) பக்கத்தில் எழுதியிருக்கும். உங்கள் எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு இப்படிப் பாருங்கள்.

நுரைநீரில் எழும்பி நிற்கவே பழகும் கட்டத்தில், கிலோ ஒன்றுக்கு 1 லீற்றருக்குக் குறையக் கூடாது. 1.2 வரை போகலாம். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 லீற்றர்.

நுரைக்கு முன்னால் உடையாத அலையைத் தானாகப் பிடிக்கத் தொடங்கியவருக்கு, கிலோவுக்கு 0.75 முதல் 0.85. அதே 60 கிலோ ஆளுக்கு 45 முதல் 51 லீற்றர். சொந்தமாக வாங்குவதற்குச் சரியான கட்டம் இதுதான்.

நீச்சல் தெரிந்து, தோள் பலமுள்ள கடற்தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கில் கீழ் எல்லை போதும். நாற்பதைத் தாண்டியவர்கள், மாதம் ஒருமுறை மட்டும் வருகிறவர்கள் மேல் எல்லையையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய பலகையில் லீற்றர் அழிந்திருந்தால் அளவுநாடா போதும். நீளம், நடு அகலம், நடுத் தடிப்பு மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்குங்கள். வருகிற தொகையை 105 ஆல் வகுத்தால், வட்ட மூக்குள்ள பலகைகளுக்குக் கிட்டத்தட்ட லீற்றர் வந்துவிடும். கூர்மூக்குள்ள சின்னப் பலகைக்கு 115 ஆல் வகுக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு முனையிலும் அது ஒடுங்கிப் போகிறது. உதாரணத்துக்கு, 7 அடி 2 அங்குலம் என்றால் 86 அங்குலம். அகலம் 21¼, தடிப்பு 2⅝ என்று வைத்தால் பெருக்குத்தொகை ஏறத்தாழ 4,800. 105 ஆல் வகுக்கக் கிட்டத்தட்ட 46 லீற்றர். நீளமும் தடிப்பும் கோடு போட்டதுபோல் வரவேண்டியதில்லை, இரண்டு லீற்றர் முன்பின்னாக இருந்தால் தண்ணீரில் தெரியாது.

எந்த வகை

சொஃப்ட் டொப் எனப்படும் மென்மேல் பலகை, 8 அடி. அறுகம்பையிலும் உல்லையிலும் வாடகைக்கு விடும் கடைகளில் முதலில் கையில் தருவது இதைத்தான், தருவதும் சரி. மேல்பக்கம் மென்மையான நுரைத்தாள், அடிப்பக்கம் வழுவழுப்பான பிளாஸ்டிக். தலையில் பட்டாலும் காயம் குறைவு. வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். நான்கைந்து நாட்களில் எழும்பி நிற்கப் பழகியதும் இதன் குறை தெரியும்: ஓரங்கள் தடித்து உருண்டிருப்பதால் திரும்பக் கேட்காது. நுரைத்தாள் வயிற்றை உரஞ்சும், ஆகவே கைநீளச் சட்டை ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

லோங்போர்ட், 9 அடியும் மேலும். சோர்ந்த அலையைப் பிடிப்பதில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் பஸ்ஸில் கொண்டுவர முடியாது, ஓட்டோவின் கூரையில் காற்று பிடிக்கும், கூட்டமான இடத்தில் கைவிட்டால் பக்கத்திலிருப்பவருக்கு ஆபத்து. பொத்துவிலிலேயே பலகையை வைத்துவிட்டுப் போக இடம் உள்ளவர்களுக்கு இது நல்ல தெரிவு.

ஃபிஷ், 5 அடி 8 முதல் 6 அடி 2 வரை. குட்டையாக, அகலமாக, வால் இரண்டாகப் பிளந்திருக்கும். 1960களின் கடைசியில் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் முழங்காலில் நின்று ஓட்டுவதற்காகச் செய்த வடிவத்திலிருந்து வந்தது. தட்டையான அடி, வாலுக்குக் கீழே மீன்செட்டை போன்ற இரண்டு செட்டை, சிறிய அலையிலும் நல்ல வேகம். இணையத்தில் ‘சின்ன அலைக்கு ஃபிஷ்’ என்று வாசித்துவிட்டு நேரே இதை வாங்குகிறவர்கள் உண்டு. அந்த அறிவுரை, ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவருக்குச் சொன்னது. 5 அடி 10 × 21 × 2½ அளவுப் பலகை 35 லீற்றர்தான் வரும். 60 கிலோ ஆள் படுத்தால் நெஞ்சு வரை தண்ணீர்.

மினி மல், அல்லது அதற்குக் கொஞ்சம் முட்டை வடிவான ‘எக்’, 6 அடி 8 முதல் 7 அடி 10 வரை. எங்கள் தீர்ப்பு இதற்குத்தான். மூக்கு வட்டமாக அகன்றிருப்பதால் படுத்துத் துடுப்புப் போடும்போது தளம் கிடைக்கிறது. வாலில் ஓரம் கொஞ்சம் கூர்மையாக இருப்பதால் திரும்பவும் கேட்கும். முழங்காலளவு அலையில் ஓடும். ஆடி, ஆவணியில் நெஞ்சளவு அலை ஒழுங்காக வரும் காலையிலும் கைவிடாது. எடைக்கு ஏற்ப ஏறத்தாழ இப்படி வரும்: 48 கிலோவுக்கு 6 அடி 8 × 20½ × 2½, அதாவது 39 லீற்றர். 60 கிலோவுக்கு மேலே கணக்குப் போட்ட 7 அடி 2. 75 கிலோவுக்கு 7 அடி 10 × 22 × 3, அதாவது 59 லீற்றர்.

அகலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பலகையை அக்குளில் இடுக்கி, கீழ் ஓரத்தை விரல்கள் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாத அளவு அகலம் என்றால் துடுப்புப் போடும்போதும் கை ஓரத்தில் தட்டும், தோள் நோகும்.

கண்ணாலும் கையாலும் பார்க்க வேண்டியவை

லீற்றர் சரியாக இருந்தும் ஓடாத பலகைகள் உண்டு. பெரும்பாலும் காரணம் வளைவு. பலகையை இரண்டு கதிரைகளில் அடிப்பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். நேரான நீண்ட மரச்சட்டம் ஒன்றை நடுச்சலாகை வழியே, நடுப்பகுதியில் படியும்படி பிடியுங்கள். மூக்கில் சட்டத்துக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளி 4 முதல் 4½ அங்குலம், வாலில் 2 அங்குலத்துக்குள் இருந்தால் சோர்ந்த அலைக்கு நல்லது. மூக்கு 5 அங்குலத்துக்கு மேல் வளைந்திருந்தால் அது செங்குத்தான அலைக்குச் செய்த பலகை. சோர்ந்த அலையில் அது முன்னால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும், அலை உங்களை விட்டுவிட்டு ஓடிவிடும். மூன்று அங்குலமும் இல்லாத தட்டை மூக்கும் வேண்டாம். அலை கொஞ்சம் எழுந்து நின்றால் மூக்குக் குத்தி ஆளைக் கவிழ்க்கும்.

அடுத்தது ஓரம். விரலை மூக்கிலிருந்து வால் வரை ஓரமாக ஓட்டிப் பாருங்கள். முன்பாதியில் பந்துபோல உருண்டு, கடைசி ஒன்றரை அடியில் கீழ்விளிம்பு கூர்மையாக மாற வேண்டும். முழுநீளத்துக்கும் உருண்டிருந்தால் வாலில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு பலகையைப் பின்னுக்கு இழுக்கும். வால் அகலமாக, சதுரமாகவோ வட்டமாகவோ இருக்கட்டும். ஊசிபோல ஒடுங்கிய வால் பெரிய அலையில் பிடிமானத்துக்கு, இங்கே அது புதையும்.

செட்டை விடயத்தில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. மூன்று செட்டை அமைப்பை 1981இல் அவுஸ்திரேலியாவின் சைமன் அண்டர்சன் போட்டிகளில் வென்று காட்டிய பிறகு உலகம் முழுக்க அதுவே பரவியது. மினி மல்லில் மூன்றும் ஒரே அளவாகவோ, நடுவில் 6½ அல்லது 7 அங்குலச் செட்டையும் பக்கங்களில் இரண்டு சிறியவையுமாகவோ வரும். இரண்டாவது அமைப்பை எடுங்கள், ஏனென்றால் நடுச்செட்டை பலகையில் பதித்த நீண்ட பெட்டிக்குள் முன்பின்னாக நகரும். முன்னால் நகர்த்தினால் பலகை இலகுவாகத் திரும்பும். பின்னால் நகர்த்தினால் நேராகப் போகும், ஆட்டம் குறையும். தொடக்கத்தில் பின்னால் வைத்து, நிற்கப் பழகியதும் அரை அங்குலமாக முன்னே கொண்டுவாருங்கள். 9, 10 அங்குல நடுச்செட்டை போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் அது தரையில் குத்தும், பெட்டியோடு பிடுங்கிக்கொண்டும் வரும். செட்டை வாங்குமுன் பெட்டி எஃப்சிஎஸ் வகையா ஃபியூச்சர்ஸ் வகையா என்று பாருங்கள். ஒன்று மற்றதற்குப் பொருந்தாது.

பொருள்

இரண்டு வகை. பொலியூரிதேன் நுரையில் பொலியெஸ்டர் ரெசின் பூசியது பழைய முறை. கொஞ்சம் பாரம், அலைக்கொந்தளிப்பில் நிதானமாக ஓடும், திருத்துவது சுலபம். மற்றது ரிஜிபோம் போன்ற வெள்ளை நுரையில் எபொக்சி ரெசின் பூசியது. பாரம் குறைவு, மிதப்புக் கூட, சிறிய அலையில் சுறுசுறுப்பு. ஆனால் பொத்தல் விழுந்தால் அதன் நுரை மணிகளுக்கு இடையால் தண்ணீர் வெகுதூரம் போய்விடும், வெயிலில் மூடிய வாகனத்துக்குள் விட்டால் கொப்புளிக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ரிஜிபோம் நுரையுள்ள பலகையில் பொலியெஸ்டர் ரெசினைப் பூசினால், அதிலுள்ள ஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். சிறு பொத்தலை அடைக்கப் போய் உள்ளங்கை அளவு குழி வரும். எபொக்சி ரெசினை இரண்டு வகைப் பலகைக்கும் பயன்படுத்தலாம். எந்த வகை என்று தெரியாவிட்டால் எபொக்சியையே எடுங்கள்.

பழைய பலகை வாங்கும்போது

பருவம் முடியும் ஐப்பசியில் ஊர் திரும்பும் வெளிநாட்டவரும், கையிருப்பைக் குறைக்கும் கடைகளும் பலகை விற்பார்கள். வாங்க நல்ல நேரம். அவசரப்படாமல் இப்படிப் பாருங்கள்.

1. தூக்கிப் பாருங்கள். 7 அடிப் பலகை ஒன்று ஐந்து கிலோவை ஒட்டி இருக்கும். அதே அளவு வேறொன்றோடு ஒப்பிட்டுத் தெளிவாகப் பாரமாக இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

2. கால் வழுக்காமல் மேல்பக்கத்தில் பூசியிருக்கும் மெழுகைச் சுரண்டச் சொல்லுங்கள். தடித்த மெழுகுக்குக் கீழேதான் வெடிப்புகள் மறைந்திருக்கும். விற்பவர் சுரண்ட மறுத்தால் விலகிவிடுங்கள்.

3. மேல்பக்கம் முழுவதும் விரல்மூட்டால் தட்டிக்கொண்டே போங்கள். இறுகிய இடத்தில் ‘டொக்’ என்று கேட்கும். பூச்சு நுரையிலிருந்து விட்டுப்போன இடத்தில் சத்தம் தளர்ந்து, பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப எழும். நிற்கும் இடத்தில் குதிக்கால் பதிந்த சின்னக் குழிகள் இயல்பு, பயப்படத் தேவையில்லை.

4. அடிப்பக்கத்தைச் சூரியனுக்குச் சரித்துப் பிடித்து, மூக்கிலிருந்து வாலை நோக்கி ஒற்றைக் கண்ணால் பாருங்கள். ஓரத்திலிருந்து ஓரம் வரை குறுக்காக ஒரு மடிப்புக் கோடு தெரிந்தால் பலகை ஒருமுறை முறிய இருந்தது. அதை என்ன விலைக்கும் வாங்க வேண்டாம்.

5. செட்டையைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். பெட்டியைச் சுற்றி மயிர்க்கோடாக வெடிப்புத் திறந்து மூடினால் அங்கே தண்ணீர் போகிறது. லீஷ் (பலகையைக் காலோடு இணைக்கும் கயிறு) கட்டும் குழியையும் அப்படியே பாருங்கள்.

6. பொத்தல் தெரிந்தால், அந்த இடம் கீழே இருக்கும்படி ஓரிரவு நிழலில் நிறுத்தி, அடியில் காய்ந்த துணி போடுங்கள். காலையில் துணி ஈரமென்றால் காய வைத்துத் திருத்தும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

மஞ்சளித்த நிறம் மட்டும் குறை அல்ல. வெயில் பட்ட பொலியெஸ்டர் எல்லாம் மஞ்சளிக்கும்.

வாங்குமுன் தண்ணீரில் பார்ப்பது

மூன்று வேறு நீளத்தை வாடகைக்கு எடுத்து, ஒரே இடத்தில், காலை நேரத்தில் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். காலை அலையையும் மாலை அலையையும் ஒப்பிட்டால் பலகைக்கும் காற்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

அசையாத தண்ணீரில் படுத்து மூக்கைக் கவனியுங்கள். மூக்கு நுனி நீர்மட்டத்திலிருந்து இரண்டு மூன்று விரல் உயர்ந்து நிற்கும் இடம்தான் உங்கள் இடம். அந்த இடத்தில் தாடைக்கு நேரே பலகையில் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் படுக்கலாம். மூக்கு வானத்தைப் பார்த்தால் பின்னால் படுத்திருக்கிறீர்கள், அப்போது பலகை வாலால் உழுது வேகத்தைத் தின்னும். புதியவர்கள் கவிழ்ந்துவிடும் பயத்தில் செய்வது பெரும்பாலும் இதைத்தான், பிறகு பலகையைக் குறை சொல்வார்கள். முதலில் ஒரு சாண் முன்னே நகர்ந்து பாருங்கள்.

சரியான இடத்தில் படுத்தும், அலை கிட்ட வருமுன்னே பலமாகத் துடுப்புப் போட்டும் அலை உங்களுக்குக் கீழால் நழுவிப் போய்க்கொண்டே இருந்தால் லீற்றர் போதாது. ஐந்து லீற்றர் கூடியதை எடுங்கள். அலையெல்லாம் பிடிபடுகிறது, நின்றும் விடுகிறீர்கள், ஆனால் எவ்வளவு சரிந்தாலும் பலகை நேரே கரைக்கே போகிறது என்றால் அடுத்த சிறிய அளவுக்கு இறங்கலாம். எழும்பி நின்றபின் வேகம் செத்துப்போவதற்குப் பலகை பெரும்பாலும் காரணமல்ல. பின்காலில் பாரம் முழுவதையும் போடுவதால் வால் அமிழ்கிறது. முழங்காலை மடித்து முன்காலுக்குப் பாரத்தை மாற்றுங்கள்.

ஆழம் குறைந்த இடம் என்பதால் தலைகீழாகப் பாய வேண்டாம். விழும்போது தட்டையாக விழுந்து, கைகளால் தலையை மறைத்துக்கொண்டு எழும்புங்கள். குடாவின் உள்பக்கத்தில் மீன்பிடிப் படகுகள் ஏறி இறங்கும் வழியை விட்டு விலகியே நில்லுங்கள். படகைக் கடலில் தள்ளிக்கொண்டிருப்பவர் உங்களுக்காக நிறுத்த முடியாது.

கூட வாங்க வேண்டியவை, பராமரிப்பு

லீஷ் பலகையின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 7 அடிப் பலகைக்கு 7 அடி. குட்டையானால் பலகை திரும்பி வந்து அடிக்கும், நீண்டால் காலில் சுற்றும். மெழுகில் வெப்பவலயக் கடலுக்கானதையே கேளுங்கள். குளிர்கடல் மெழுகு இங்கே அரைமணியில் எண்ணெயாகிவிடும். முதலில் அடிப்பூச்சு மெழுகைச் சிறு வட்டங்களாகத் தேய்த்துக் குமிழ் எழுந்த பிறகு மேல்மெழுகு. நெஞ்சு படும் இடத்திலிருந்து வால் வரை போதும்.

ஓட்டி முடிந்ததும் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். களப்பிலோ முகத்துவாரத்திலோ கழுவ இறங்காதீர்கள், அங்கே முதலை உண்டு. பலகையை வெறும் மணலில் வெயிலில் போடக் கூடாது. நிழல் கிடைக்காவிட்டால் அடிப்பக்கத்தை மேலே திருப்பி, ஈரச் சாரத்தால் மூடிவையுங்கள். மேல்பக்கம் வெயிலைப் பார்த்தால் மெழுகு முழுவதும் வழிந்துவிடும். ஓட்டோவில் கட்டும்போது செட்டைகளைக் கழற்றி, மூக்கைப் பின்னுக்கு வைத்து, நடுவில் அல்லாமல் இரண்டு இடத்தில் கட்டுங்கள். கயிறு ஓரத்தில் படும் இடங்களில் துவாய் மடித்து வைக்க வேண்டும். இறுக்கிக் கட்டிய கயிறு, மேடுபள்ளத்தில் ஓட்டோ குலுங்கும்போது ஓரத்தைப் பிளந்துவிடும்.

மாரி தொடங்கி வாடைக்காற்று எழும்பியதும் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை கடல் கரையில் வந்து மோதும், நீரோட்டமும் இழுக்கும். புதியவர்கள் அந்த மாதங்களில் இறங்கத் தேவையில்லை. செட்டைகளையும் மெழுகையும் அகற்றி, சிறு வெடிப்புகளைக் காய வைத்து அடைத்து, காற்றோட்டமுள்ள அறையில் துணியால் சுற்றி, படுக்கையாக இரண்டு இடத்தில் தாங்கு கொடுத்துப் பலகையை வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரத்தோடு மூடி வைத்தால் சித்திரையில் எடுக்கும்போது பூச்சில் கொப்புளம் போட்டிருக்கும்.